வெயிலுக்கு வீட்டிலேயே ஒரு மறைப்பு

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த தாய்மார் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழுவினர் நிகழ்த்திய உரை. வர முடியாமற் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்தான் லீவு நாள். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அந்த வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேசப்போவது வெயிலைப் பற்றி. வெயிலில் வேலை செய்கிறவர்கள் தோலைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டிலேயே, காசு செலவில்லாமல், என்ன செய்யலாம் என்பதைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு தவறை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்த தவறு

கொஞ்ச காலத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில் இதே மாதிரி ஒரு கூட்டம் நடத்தினோம். முகம் கறுக்காமல் இருக்க வீட்டு வைத்தியம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நாங்களும் யோசிக்காமல் தேசிக்காய்ச் சாற்றில் மஞ்சளும் கொஞ்சம் தேனும் கலந்து பூசுங்கள் என்று சொல்லிவிட்டோம். இயற்கையான சாமான்தானே, ஒன்றும் செய்யாது என்றும் சொன்னோம்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அக்கா அடுத்த நாள் விடியற்காலையில் அதைக் கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, அரைகுறையாகத் துடைத்துவிட்டு, பிரட்டுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் நல்ல வெயில். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் முகம் சிவந்து எரிந்தது. பிறகு கொதிதண்ணீர் பட்ட மாதிரி கொப்புளம் போட்டது. நான்கு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. நான்கு பேர் போனது. கொப்புளம் ஆறின பிறகு அந்த இடமெல்லாம் காப்பி நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்து, அது மறைய மாதக் கணக்காயிற்று.

நாங்கள் பார்க்கப் போனபோது அவர் எங்களை ஏசவில்லை. "நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைத் திரும்பப் படிக்க வைத்தது. டொக்டர்மாரிடம் கேட்டோம், தோல் நோய்க் கிளினிக்கில் இருப்பவர்களிடம் கேட்டோம். தேசிக்காய்ச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் வழிந்த சாற்றோடு வெயிலில் நின்றாலும் இதே கதைதான். செலரி இலைச் சாறும் சிலருக்கு இப்படிச் செய்யும். மரக்கறித் தோட்டத்தில் கைவேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இயற்கையானது என்றால் கெடுதல் செய்யாது என்பது நாங்கள் படித்துத் திருந்திய முதல் பிழை.

குளிரும் மலையில் வெயில் சுடுமா?

"இங்க என்ன வெயிலு? கொழும்புலதான் வெயிலு" என்று பலரும் சொல்வதைக் கேட்கிறோம். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. தை, மாசி மாதங்களில் சில இடங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் வெயிலில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று சூடு. அது உடம்புக்குத் தெரியும். இன்னொன்று கண்ணுக்கும் தெரியாத, சூடாகவும் படாத ஒரு கதிர். அதைப் புற ஊதாக் கதிர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பார்கள். தோலைக் கெடுப்பது முக்கியமாக அந்தக் கதிர்தான். குளிர்காற்று சூட்டைத் தணிக்கும், கதிரைத் தணிக்காது.

அதற்கு மேல், உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடுகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் பத்தில் ஒரு பங்கு கூடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வானம் ஒரே மாதிரி தெளிந்திருந்தால், கடற்கரையில் நிற்கிறவரைவிட அங்கே மலையில் நிற்கிறவர் மேல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அந்தக் கதிர் விழும். மெல்லிய மேகம் இருந்தால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். மெல்லிய மேகத்தைத் தாண்டி நூற்றுக்கு 80 பங்கு வரை வந்துவிடும்.

எந்தக் காலத்தில் கடுமை? நம் நாட்டில் சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டியும், ஆவணி மாதத்தில் ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் யூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றும் சேர்ந்துகொள்ளும். உதடு வெடிப்பதும் கன்னம் தீய்வதும் அப்போதுதான்.

எந்த நேரத்தில் கடுமை? மணிக்கூடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் பயம் குறைவு. நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர் கடுமையாக விழுகிறது என்று அர்த்தம். பொதுவாகக் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. அதாவது நாம் கொழுந்து எடுக்கும் நேரத்தில் பெரும்பகுதி.

கறுப்பு நமக்குக் குறையல்ல

இன்னொரு கேள்வியும் வரும். "வெள்ளைக்காரனுக்குத்தான வெயில் பிடிக்காது, நம்ம கறுப்புத் தோலுக்கு என்ன?" இதில் பாதி உண்மை இருக்கிறது. நம்முடைய தோலில் இருக்கும் கறுப்பு நிறம் ஒரு காப்பு. வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் தடுக்கும் கவசம் அது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவு தோல் புற்றுநோய் நமக்கு வராததற்கும் அதுதான் முக்கிய காரணம். வெயிலில் போனால் தோல் மேலும் கறுப்பது அது தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம்.

ஆனால் அந்தக் காப்பு முழுக் காப்பு அல்ல. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, வெடித்த உதடு, நாற்பது வயதிலேயே காய்ந்து சுருங்கும் பின்கழுத்து, கண்ணின் ஓரத்தில் வளரும் சதை, வயதான பிறகு வரும் வெண்புரை, இவற்றுக்கெல்லாம் வெயிலும் ஒரு காரணம். நம் அம்மாமார், பாட்டிமார் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இங்கே மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் போகும் தோட்டங்களில் வயதுப் பிள்ளைகள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது நோயைப் பற்றி அல்ல, நிறத்தைப் பற்றித்தான். பெண் பார்க்க வருகிறார்கள், கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன், மலைக்குப் போய் கறுத்துவிட்டேன் என்று கண் கலங்குகிறார்கள். கறுத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கலக்கத்தை உண்டாக்குகிறவர்கள் நாம்தான். மலையில் பாடுபட்டுக் கறுத்த முகம் வெட்கப்படுகிற முகம் அல்ல. அதை வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த வெட்கத்தை வைத்துத்தான் வெள்ளையாக்கும் கிறீம் விற்கிறார்கள். பெயர் சரியாக இல்லாத, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத சின்ன டப்பாக்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். முதலில் முகம் வெளுக்கிற மாதிரி தெரியும். கறுப்புதான் காப்பு என்று சொன்னோமே, அந்தக் காப்பையே அது அழிக்கிறது. பிறகு வெயில் பட்டதும் முன்னைவிட மோசமாகக் கறுக்கும். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். உலக நாடுகள் 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கை என்று ஒன்று செய்து, இப்படிப்பட்ட கிறீம்களை நிறுத்த முடிவெடுத்தன. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் களவாக வருகின்றன. வேறு சில டப்பாக்களில் டொக்டர் எழுதித் தராமல் பூசக்கூடாத கடுமையான மருந்து இருக்கும். அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். விபரம் எழுதாத டப்பாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம்.

எண்ணெய் மறைக்குமா? சந்தனம் மறைக்குமா?

இப்போது வீட்டுச் சாமான்களுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சந்தனம், மஞ்சள், கற்றாழை, இவை வெயிலைத் தடுக்குமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: நம்பியிருக்கும் அளவுக்குத் தடுக்காது.

தேங்காய் எண்ணெய் மிகச் சிறிதளவு தடுக்கும். ஒரு மணி நேரம் மலையில் நின்று வியர்த்தால் அதுவும் போய்விடும். அரைத்த சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். மஞ்சள் பூசினால் மஞ்சளாகத் தெரியுமே தவிர வெயில் நிற்காது. கற்றாழை வெயில் பட்ட பிறகு ஆற்றும், படாமல் காக்காது. இவை எல்லாம் நல்ல பொருட்கள். ஆனால் பின்னேரத்துப் பொருட்கள். காலையில் மலைக்குப் போகும்போது பூசிக்கொண்டு தைரியமாக நிற்பதற்கானவை அல்ல.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடிய இயற்கையான காப்பு எது? தவறணையை நினைத்துப் பாருங்கள். தேயிலைக் கன்றை நாற்றுப் பையில் வைத்ததும் நேர் வெயிலில் விடுகிறோமா? பந்தல் போட்டு நிழல் கட்டுகிறோம். கவ்வாத்து வெட்டிய மரத்தின் வாதுகள் வெயிலில் வெடிக்காமல் இருக்க வெட்டிய மிலாறையே மேலே போட்டு மூடுகிறோம். கன்றுக்கு யாரும் எண்ணெய் பூசுவதில்லை. மறைப்புத்தான் கட்டுகிறோம். தேயிலைக்குச் செய்யத் தெரிந்ததை நமக்கும் செய்துகொள்வோம் என்பதுதான் இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது. நமக்குப் பந்தல் துணி.

எந்தத் துணி நல்ல துணி?

துணியை ஒற்றையாகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் உங்கள் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி போதாது. இரட்டையாக மடித்துப் போட வேண்டும். நெருக்கமாக நெய்த துணி நல்லது. வெளிர் நிறத்தைவிட அடர்ந்த நிறம் கூடத் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டால் தடுப்பது இன்னும் குறைந்துவிடும். புதுப் பருத்தித் துணியைவிட நாலைந்து தரம் துவைத்துச் சுருங்கின துணி நல்லது. ஆனால் தேய்ந்து நைந்து போனது உதவாது. டெனிம் காற்சட்டைத் துணி மிக நல்லது.

ஒரு எச்சரிக்கை. உரப் பை, மருந்துப் பை இவற்றை எத்தனை தரம் கழுவினாலும் தலையிலோ கழுத்திலோ போட வேண்டாம்.

தலைமறைப்பு தைக்கும் முறை

கொழுந்து எடுக்கிற பெண்கள் விளிம்புத் தொப்பி போட முடியாது. கூடைக் கயிறு தலையில் அழுத்துகிறது, தொப்பி நிற்காது. வெறும் முக்காடு போட்டால் தலை மறையும், கன்னமும் கண்ணும் மறையாது. அதற்காகத்தான் இந்த மறைப்பு. இதோ கையில் வைத்திருக்கிறோம், எல்லோரும் வாங்கிப் பாருங்கள்.

வேண்டியவை: பழைய பருத்திச் சேலையில் ஒரு யார் நீளத் துண்டு, கிழிந்த டெனிம் காற்சட்டையின் ஒரு கால், பெரிய குளிர்பானப் போத்தல் ஒன்று, ஊசி, நூல்.

1. டெனிம் துணியில் பிறை வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நீளம் 14 அங்குலம், நடுவில் அகலம் 4 அங்குலம்.

2. போத்தலை நன்றாகக் கழுவி, அதன் வளைந்த பக்கத்திலிருந்து அதே வடிவத்தில் கொஞ்சம் சிறியதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு வெட்டுங்கள். ஓரம் தோலைக் கீறாமல் வட்டமாக நறுக்கி விடுங்கள்.

3. இரண்டு டெனிம் துண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக்கை வைத்துச் சுற்றித் தையுங்கள். இதுதான் முன்விளிம்பு. தைத்து முடிந்ததும் நெற்றிக்கு முன்னால் குறைந்தது 3 அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

4. சேலைத் துண்டை இரட்டையாக மடித்து, அதன் முன் ஓரத்தில் இந்த விளிம்பைத் தைத்துவிடுங்கள். துணியின் மிச்சம் காதையும் பின்கழுத்தையும் மூடித் தோள் வரை விழ வேண்டும். குனிந்து கொழுந்து எடுக்கும்போது பின்கழுத்தில்தான் வெயில் நேராக விழுகிறது.

5. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாடா வைத்து நாடியின் கீழே முடியுங்கள்.

மறைப்பைக் கட்டிய பிறகு அதன் மேல் கூடைக் கயிற்றைப் போடுங்கள். விளிம்பு கயிற்றுக்கு முன்னால் நிற்கும். கண்ணுக்கும் நிழல் கிடைக்கும்.

கைக்கு: பழைய முழுக்கைச் சட்டையின் கைகளை வெட்டி, மேல் பக்கத்தில் இலாஸ்டிக் போட்டு மாட்டிக்கொள்ளலாம். முழங்கையிலிருந்து விரல் மொளி வரை மறைய வேண்டும். தேய்ந்த காலுறையின் நுனியை வெட்டினால் மணிக்கட்டுக்கு மறைப்பு ஆகிவிடும். தேயிலைக் குச்சி கீறுவதும் குறையும்.

நம் தேயிலைச் சாயமே நம் துணிக்கு

வெளுத்துப் போன பழைய பருத்தித் துணி எல்லா வீட்டிலும் இருக்கும். அதைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் இன்னும் நன்றாக வெயிலைத் தடுக்கும். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் பருத்தி நூலில் பிடித்துக்கொண்டு அந்தக் கதிரைத் தடுக்கிறது என்று துணி ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் பறித்துக் கொடுத்த தேயிலை ஊர் உலகமெல்லாம் போகிறது. குடித்து முடித்த சக்கையாவது நம் தலைக்கு உதவட்டும்.

தேத்தண்ணீர் வடித்த சக்கையைக் கொட்டாமல் ஒரு கிழமைக்குக் காய வைத்துச் சேருங்கள். ஈரமாக வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நாலைந்து கை நிறையச் சக்கையை 4 லீற்றர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டு வடியுங்கள். துணியைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி, ஈரத்தோடு சாயத்தில் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி உப்பும் சேருங்கள். மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரம் கிண்டிவிட்டு, இறக்கி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் அலசி நிழலில் காயப் போடுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் நிறம் கறுத்து வரும்.

துவைக்கத் துவைக்கச் சாயம் வெளுக்கும். ஓரிரு மாதத்துக்கு ஒரு தரம் மறுபடி தோய்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சாயம் துணிக்குத்தான். தேயிலைத் தண்ணீரைத் தோலில் பூசினால் வெயில் நிற்காது. சல்லடை மாதிரி இருக்கிற துணியும் சாயத்தால் மட்டும் நல்ல துணி ஆகிவிடாது. இரட்டையாகத்தான் போட வேண்டும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த பிறகு

இப்போதுதான் எண்ணெய்க்கும் கற்றாழைக்கும் வேலை வருகிறது.

குளித்த உடனே, தோலில் ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன், கைகால்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். காய்ந்த காற்று அடிக்கும் மாதங்களில் இது மிக உதவும்.

உதட்டுக்கு மெழுகு: ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய். ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும். உருகினதும் சுத்தமான டப்பாவில் ஊற்றி ஆற விடுங்கள். இது காற்றில் உதடு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். வெயிலுக்கு விளிம்பின் நிழல்தான்.

வெயிலில் தோல் எரிந்தால்: குளிர்ந்த பீலித் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். பிறகு கற்றாழை மடலை வெட்டி, அதிலிருந்து வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடிய விட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் தடவுங்கள். மஞ்சள் பால் தோலை அரிக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். கொப்புளத்தோடு காய்ச்சல், வாந்தி, தலைசுற்று இருந்தாலோ, எரிந்தது கைக்குழந்தையின் தோலாக இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

தனிக் கவனம் தேவையானவர்கள்

கைக்குழந்தைகளை நடுப்பகல் வெயிலில் எண்ணெய் தடவிப் படுக்க வைக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் மங்கு எளிதில் வரும். அவர்கள் விளிம்பு மறைப்பைக் கட்டாயம் கட்ட வேண்டும். எலிக்காய்ச்சலுக்குத் தரும் டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகளைக் குடிக்கும் நாட்களில் தோல் சீக்கிரம் வெந்துவிடும். மருந்தை நிறுத்தாதீர்கள், மறைப்பைக் கூட்டுங்கள்.

பிறக்கும்போதே தோலும் முடியும் வெள்ளையாகப் பிறக்கிற பிள்ளைகள் சில வீடுகளில் இருக்கிறார்கள். அது யாருடைய பாவமும் அல்ல. தோலில் அந்தக் கறுப்புக் காப்பு இல்லாமல் பிறந்த பிள்ளைகள், அவ்வளவுதான். அவர்களுக்கு வெயில் உண்மையாகவே ஆபத்து. இளம் வயதிலேயே புற்றுநோய் வரலாம். முழுக்கை, விளிம்பு மறைப்பு, கண்ணுக்கு நிழல் இவை மூன்றும் தினமும் வேண்டும். பெரிய அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்கும் கண் கிளினிக்குக்கும் கட்டாயம் கூட்டிப் போங்கள். வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், மறைப்போடு அனுப்புங்கள்.

யாருக்கானாலும், ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி இவற்றைக் காட்டாமல் இருக்க வேண்டாம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

துணி நாமே தைக்கலாம். நிழலை நாம் தனியாகத் தைக்க முடியாது. மலையில் நின்ற நிழல் மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் புதுக்கன்று வைக்கச் சொல்லிக் கேட்கலாம். தேத்தண்ணீர் குடிக்க ஒதுங்குவதற்கு ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர், கடும் வெயில் நாட்களில் மரமில்லாத மலையைக் காலையில் முடித்துவிட்டு நிழலுள்ள மலையைப் பிறகு எடுப்பது, இவை பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. ஒருவர் கேட்டால் முறைப்பாடு என்பார்கள். மாதர் சங்கமும் தலைவர்மாரும் சேர்ந்து மரியாதையாகக் கேட்டால் அது யோசனை. வெயிலில் மயங்கி விழுந்தவரால் கொழுந்து எடுக்க முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு தங்கச்சி கேட்டார்: "தேங்காய் எண்ணெயில் துத்தநாகப் பொடி கலந்து வீட்டிலேயே சன் கிறீம் செய்யலாம்னு போன்ல காட்டுறாங்களே?"

துத்தநாகம் கதிரைத் தடுப்பது உண்மை. ஆனால் கையால் கலக்கினால் பொடி கட்டி கட்டியாக நிற்கும். ஒரு இடத்தில் தடிப்பாகவும் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமலும் படியும். பூசியவர் காப்பு இருக்கிறது என்று நம்பி வெயிலில் நிற்பார். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. பொடியை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. தொழிற்சாலையில் இயந்திரத்தால் கலந்து சோதித்துப் பார்க்கிறார்கள். நம் குசினியில் அது முடியாது.

"அப்ப கடையில விக்கிற சன் கிறீம் வாங்கலாமா?"

வாங்க வசதி இருந்தால் நல்லதுதான். 30 என்ற அளவோ அதற்கு மேலோ போட்டிருக்க வேண்டும். தடிப்பாகப் பூச வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும். நாள் முழுக்க மலையில் நிற்கிறவருக்கு அந்தச் செலவு கட்டாது. துணி மறைக்காத முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பாட்டி கேட்டார்: "இப்பிடி மூடிக்கிட்டா எலும்புக்கு வெயிலு வேணாமா?"

நல்ல கேள்வி. நம்மைப் போல் தினமும் வெளியே இருப்பவர்களுக்குப் பிரட்டுக்கும் மலைக்கும் நடக்கும்போது முகத்திலும் கையிலும் காலை வெயில் படுகிறது. அந்த இளவெயிலை யாரும் தடுக்கச் சொல்லவில்லை.

கவ்வாத்து வெட்டும் ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாங்களும் முக்காடு போடணுமா?"

போட வேண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தொப்பிக்குப் பின்னால் பழைய சாரத் துண்டு ஒன்றைக் கழுத்து வரை தைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிற அந்தத் தலைமறைப்பைத் தைத்தவர் வேறு யாருமல்ல, எங்கள் பேச்சைக் கேட்டு முகம் வெந்த அதே அக்காதான். முதலில் நாங்கள் காட்டிய மாதிரியில் விளிம்பு தொங்கிப் போய்க் கண்ணை மறைத்தது. "இது மலைக்குச் சரிவராது" என்று சொல்லி, போத்தல் துண்டை உள்ளே வைத்துத் தைத்துக் காட்டியது அவர். ஆகவே நீங்களும் தைத்துப் பாருங்கள், சரிவராததைச் சொல்லுங்கள். எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.